பாதியில் விட்ட சண்டை

மலைக்காட்டின் பெரிய இலவ மரத்துப் பொந்தில் பொன்னலகி என்ற பெண் இருவாச்சிப் பறவை குடியிருந்தாள். இருவாச்சிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலத்தில் பெண் பறவை பொந்துக்குள் போய், வாசலை மண்ணால் அடைத்துக்கொள்ளும். ஒரு சின்ன இடுக்கு மட்டும் விடும். அதன் வழியே ஆண் பறவை இரை ஊட்டும். எப்பேர்ப்பட்ட நம்பிக்கை, பாருங்கள்!

பொன்னலகியும் இப்போது பொரித்த குஞ்சோடு அப்படித்தான் உள்ளே இருந்தாள். கணவன் கருஞ்சிறகன் நல்லவன்தான். ஆனாலும் தினமும் சண்டை.

"இன்றைக்கும் அத்திப்பழமா? குஞ்சுக்கு ஓணான் வேண்டும் என்று எத்தனை முறை சொல்வது?"

"இந்த மழையில் நீ பறந்து பார்!"

"நனைந்துவிட்டாயா? அதை முதலில் சொல்ல வேண்டியதுதானே."

"சரி, வெயில் வந்ததும் ஓணான் பிடிக்கிறேன்."

அவ்வளவுதான், சண்டை தீர்ந்துவிடும். தீரும்வரை அவன் கிளையை விட்டு நகரமாட்டான்.

மேல்கிளை அணிலுக்கு இந்தச் சத்தம் பிடிக்கவில்லை. "நாவல் மரத்து இருவாச்சியைப் பார். மனைவி குறை சொன்னால் பேசாமல் பறந்துவிடுவான். அங்கே எவ்வளவு அமைதி!" என்றது.

கருஞ்சிறகனும் அதை நம்பினான். மறுநாள் பொன்னலகி ஓணான் பேச்சை எடுத்ததுமே விருட்டென்று பறந்தான்.

அவள் இடுக்கு வழியே கூப்பிட்டுப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. பின்னால் போகவும் வழியில்லை. 'இனி வரமாட்டான்' என்று பயந்து, வெளியே வர வாசலின் மண்சுவரைக் கொத்தத் தொடங்கினாள். குஞ்சுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. சுவர் எப்போது விழும் என்று மரநாய் கீழே காத்திருந்தது.

கருஞ்சிறகன் நேராக நாவல் மரத்துக்குத்தான் போயிருந்தான். அங்கே சுவர் உடைந்து, பொந்து காலியாகக் கிடந்தது. ஆண் இருவாச்சி தனியாக உட்கார்ந்திருந்தான்.

"உன் மனைவி எங்கே?"

"போய்விட்டாள். ஏனென்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வருஷா வருஷம் பேச்சு குறைந்துகொண்டே வந்தது."

கருஞ்சிறகனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். சுவரில் பாதி உதிர்ந்திருந்தது.

"கொத்தாதே, பொன்னலகி! வந்துவிட்டேன். எந்த இடத்தில் விட்டோம்?"

உள்ளே கொத்துவது நின்றது.

"ஓணானில்" என்றாள் அவள்.

"திட்டு. முடிக்கும்வரை இங்கேதான் இருப்பேன்."

அவள் ஆசைதீரத் திட்டினாள். அவனும் தன் பக்கத்தைச் சொன்னான். பிறகு அவன் ஈரமண் கொண்டுவந்து கொடுக்க, அவள் சுவரைப் பூசி முடித்தாள். மரநாய் வெறும் வயிற்றோடு போனது.

அடுத்த மழைக்காலத்திலும் அதே பொந்து, அதே ஜோடி, அதே ஓணான் சண்டை. அவர்களை மெச்சாமல் இருக்க முடியுமா?

வாழ்க்கைத் துணையோடு சண்டை வந்தால், பேசித் தீர்க்கும்வரை எழுந்து போகாதீர்கள்.