தோண்டிப் பார்த்த காந்தள்

மலையடிவாரத்து மடத்தில் குருவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவருடைய சீடர் தணிகாசலமோ பேரன் எடுத்தவர். ஊரார் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

ஆடிச் சாரலில் மலை பாதி கரைந்து நின்ற ஒரு காலையில் தணிகாசலம் கேட்டார்.

"சாமி, எம் பொஞ்சாதி எங்கூடப் பேசி ஒரு வருசம் ஆகப்போவுது. அவ அண்ணன் சாகக் கெடந்தப்போ, பழைய சண்டைய வச்சுக்கிட்டு அவளப் போகவிடல நான். கடைசி முகத்தக்கூட அவ பாக்கல. தெனமும் கேக்குறேன், கோவம் போச்சான்னு. எப்ப சாமி போவும்?"

குரு உள்ளே போய் ஒரு காந்தள் கிழங்கை எடுத்து வந்தார். கவட்டை மாதிரி இரண்டு கை அதற்கு.

"வீட்டுக் கொல்லையில நட்டு வைங்க. நுனியிலதான் முளை வரும். ஐப்பசி கார்த்திகையில பூக்கும். வெசக் கிழங்கு, சமையக்கட்டுல வச்சிராதீங்க."

ஆவணியில் தணிகாசலம் முகம் தொங்கிப்போய் வந்தார்.

"முளைக்கல சாமி."

"எப்படித் தெரியும்?"

"தெனமும் தோண்டிப் பாத்தேனே. நேத்து ஒரு நுனி ஒடிஞ்சுபோச்சு. கடுப்புல வேலியோரம் வீசிட்டேன்."

நானாக இருந்தால் சிரித்திருப்பேன். குரு சிரிக்கவில்லை. வேறு கிழங்கும் கொடுக்கவில்லை.

புரட்டாசி கடைசியில் ஒருநாள், தூறலில் நனைந்தபடி தணிகாசலம் வந்தார். தூக்கத்தில் நடந்து வந்தவர் போலிருந்தார். குடை இருந்தது, விரிக்கத் தோன்றவில்லை.

"சாமி, வேலியோரம் ஒரு முளை. நான் நடல. நான் எறிஞ்சத அவதான் எடுத்து ஊனியிருக்கா. இன்னைக்கு விடியக்காலம் பாத்தேன். கொல்லை பூரா மஞ்சு மூட்டமா எறங்கிக் கெடக்கு. அதுக்குள்ள அவ குனிஞ்சு உக்காந்து கையால மண்ண அணைச்சு விடுறா. வாய் அசையுது. என்னவோ பேசுறா சாமி, அதுங்கிட்ட."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"கதவுக்குப் பின்னாலயே நின்னுட்டேன். அழுகையா வந்துது."

குரு வாசல் பக்கம் பார்த்தார். வெளியே மலை தெரிந்தது, பிறகு மறைந்தது.

"இப்பப் போயி கேக்கட்டுமா சாமி? கோவம் போச்சான்னு?"

"அது கொடி ஐயா. இலை நுனியால எதையாவது புடிச்சுக்கிட்டுத்தான் ஏறும்" என்றார் குரு. "பக்கத்துல ஒரு குச்சி ஊனி வைங்க."