செல்லையா சாரின் கறுப்பு

டிக்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி, டிக்.

என் வீட்டு மாடிக் குளியலறையில் ஃபிலிம் காயும்போது கேட்ட சத்தம் அது. ஃபிலிம் சுருண்டுகொள்ளாமல் இருக்க அதன் அடி நுனியில் ஒரு இரும்புக் கிளிப்பை மாட்டித் தொங்கவிடுவாள் சபீனா. ஜன்னல் காற்றில் கிளிப் ஆடும். ஆடி, சுவரில் தட்டும். கீழே கூடத்தில் படித்துக்கொண்டிருக்கும் நான் அடுத்த தட்டலுக்காகப் பக்கத்தைத் திருப்பாமல் காத்திருப்பேன். எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போதும் சில மத்தியானங்களில் காத்திருக்கிறேன்.

சபீனா மேலப்பாளையத்துப் பெண். அப்போது முப்பத்திரண்டு வயது. சென்னையில் ஒரு பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவள், பத்திரிகை நின்றுபோனதும் பாளையங்கோட்டைக்கு வந்து என் மாடியில் குடியேறினாள். சனிக்கிழமைச் சாயங்காலங்களில் கறுப்பு வெள்ளைப் படம் எடுக்கக் கற்றுக்கொடுத்தாள். வந்தவர்கள் எல்லோரும் அவளைவிட மூத்தவர்கள். வீட்டுக்காரி என்ற உரிமையில் நானும் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வேன்.

ஒரு சனிக்கிழமை எல்லோரும் போன பிறகும் பொன்ராணி டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்" என்றாள்.

"கேளுங்க டீச்சர்" என்றாள் சபீனா.

பொன்ராணி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஊர் அவளை டீச்சர் என்றது. அவள் சபீனாவை டீச்சர் என்றாள். இரண்டு பேரும் பேசிக்கொண்டால் யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார்கள் என்று புதிதாகக் கேட்பவருக்குத் தெரியாது.

பொன்ராணி பையைத் திறந்து இரண்டு கேமராக்களை மேசைமேல் வைத்தாள். ஒன்று அவள் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஃபிலிம் கேமரா. மற்றது மகன் அனுப்பிய டிஜிட்டல்.

"எதுல எடுக்க?"

"எதை எடுக்கப் போறீங்க?"

"எங்க வீட்டு சாரை."

செல்லையா சார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். டீச்சருடைய கணவர் என்பதால் ஊர் அவருக்கும் ஒரு சாரைச் சேர்த்துவிட்டது. அவருக்கு இடது தாடையில் புற்று. அடுத்த வாரக் கடைசியில் மதுரையில் அறுவை. எலும்பைப் பாதி எடுத்துவிடுவார்கள், முகம் முன்னைப் போல் இருக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அதுக்குள்ள ஒரு படம் வேணும் டீச்சர். ஒண்ணு போதும்."

"வீட்ல படமே இல்லையா?"

"நெறைய இருக்கு. எதுலயும் அவரு இல்ல."

கல்யாணப் படத்தில் ஸ்டுடியோக்காரர் பென்சிலால் தீட்டித் தீட்டி மாப்பிள்ளையை வெளுப்பாக்கியிருந்தார். படம் வீட்டுக்கு வந்ததும் மாமியார் உற்றுப் பார்த்துவிட்டு, 'இதுல எம்மவன் எங்கட்டி?' என்று கேட்டாளாம். அதற்குப் பின் டிப்போ அடையாள அட்டை. அதிலும் வெளுப்பு. ஓய்வு பெற்ற அன்று எடுத்தவன் கம்ப்யூட்டரில் வெளுத்தான்.

"பவுடர் டப்பாக்குள்ள விழுந்து எந்திரிச்ச மாதிரி இருக்காரு. அன்னையிலருந்து கேமராவைக் கண்டா எந்திரிச்சுப் போயிருவாரு. இப்பதான் ஒத்துக்கிட்டாரு. ஒரு தடவ உக்காருவேன், ஒரு படம், அதோட விட்ருன்னுட்டாரு."

பொன்ராணி ஃபிலிம் கேமராவை முன்னால் தள்ளினாள்.

"ஃபிலிம்ல கறுப்பு ஆழமா விழும்ங்காங்க. ஆனா தப்பாப் போச்சுன்னா கழுவுன பிறகுதான தெரியும்? அப்போ திரும்ப எடுக்க முகம் இருக்காதே. டிஜிட்டல்ல உடனே தெரிஞ்சிரும். ஆனா அதுலதான அந்தப் பய வெளுத்தான்? நீங்களே சொல்லுங்க. எது?"

சபீனா கேட்டாள். "சார் என்ன நிறம்?"

"கறுப்பு."

"எந்தக் கறுப்பு?"

பொன்ராணி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சபீனா அலமாரியிலிருந்து ஒரு நீளமான அட்டையை எடுத்தாள். படம் அச்சிடும் தாளில் அவளே போட்டது. ஒரு முனையில் முழுக் கறுப்பு, மறு முனையில் முழு வெள்ளை, நடுவில் கட்டம் கட்டமாகச் சாம்பல். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு சின்னத் துளை.

"கண்ணைச் சுருக்கிக்கிட்டு இதைச் சாரோட முகத்துக்குப் பக்கத்துல பிடிங்க. எந்தக் கட்டத்துல ஓட்டை தெரியாமப் போகுதோ, அதுதான் நிறம். பார்த்துட்டு வாங்க."

"கேமரா?"

"அது இங்கயே இருக்கட்டும்."

செல்லையா சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாராம். கன்னத்துக்குப் பக்கத்தில் அட்டை வந்ததும் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"என்னட்டி இது, டிக்கெட்டா? எல்லாத்துலயும் ஓட்ட போட்டுருக்கு. செல்லாது, எறங்கு."

"அசையாம இரிங்க."

"கண்ணு ஏன் அப்படி இருக்கு? தூசி விழுந்துட்டா?"

"நெறம் பாக்கேன்."

"பொண்ணு பாக்க வந்தப்போ பாத்திருக்கணும். இப்பப் பாத்து என்ன பண்ண, திருப்பியா அனுப்ப முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொன்ராணி மாடிப்படி ஏறி வந்தாள்.

"மூணாவது கட்டம்" என்றாள்.

"நெத்தியா, கன்னமா?"

"முகம்."

"நம்ம சீமையில என்ன மண்ணு டீச்சர்?"

"எந்த எடத்துல? கோவில்பட்டிப் பக்கம் போனா கரிசல். தெக்க போனா செம்மண்ணு, தேரி மணலு. ஆத்தோரமா வண்டல். ஒரே மண்ணுன்னு எப்படிச் சொல்ல...?"

பாதியில் நிறுத்திக்கொண்டாள். முகம் சிவந்தது.

"எனக்கு இருக்கது நாலு நாளு டீச்சர். நான் கேட்டது ஃபிலிமா டிஜிட்டலான்னு. நீங்க என்ன பெயிண்ட் கடைக்கு ஆள் எடுக்குதியளா?"

சபீனா அட்டையை எடுத்து அவள் கையில் திரும்பவும் வைத்தாள்.

பொன்ராணி படி இறங்கும்போது செருப்புச் சத்தம் தெருமுனை வரை கேட்டது. ஆனால் அட்டையை எறிந்துவிட்டுப் போகவில்லை.

அதற்குப் பின் அந்த வீட்டில் நடந்ததைப் பிற்பாடு செல்லையா சாரே சொன்னார். வாய் குழறும். ஆனாலும் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் கேட்டால் புரியும்.

அவர் சாப்பிடும்போது பார்த்தாளாம். வாசலில் நிற்கும்போது, துணி மடிக்கும்போது, தூங்கும்போது பார்த்தாளாம். நெற்றிக்கு ஒரு கட்டம். கண்ணுக்குக் கீழே ஒன்று. மூக்குத் தண்டில் காலையில் ஒன்று, மத்தியானம் வேறு. காதுக்குப் பின்னால் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. சட்டைக் காலருக்குக் கீழே வேறு ஆள்.

"என்னட்டி, முப்பது வருசமா பாக்காததையா இப்பப் பாக்க?" என்று அவர் கேட்டார்.

"ஆமா" என்றாள் பொன்ராணி.

அவருக்கு அடுத்த கேலி வாய்வரை வந்ததாம். சொல்லவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் நகர்த்திப் போட்டு உட்கார்ந்தாராம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வாரக் கடைசி இல்லை. இன்றைக்கே கிளம்பி வாருங்கள், நாளைக் காலையில் அறுவை.

பொன்ராணி மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"ஆறு மணிக்கு வண்டி வருது. சாமான் கட்டியாச்சு. இப்பமாவது சொல்லுங்க டீச்சர். எது?"

சபீனா இரண்டு கேமராக்களையும் எடுத்தாள். ஒன்றை இந்தத் தோளில், ஒன்றை அந்தத் தோளில் மாட்டிக்கொண்டாள். செருப்பைப் போட்டாள்.

"வாங்க."

வெளிச்சத்தைத் திருப்பிவிட உதவும் என்று ஒரு வெள்ளைத் தெர்மாகோல் பலகையைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன்.

செல்லையா சார் இஸ்திரி போட்ட சட்டையில் தயாராக நின்றார். முகம் நிறையப் பவுடர்.

பொன்ராணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்ன பண்ணி வச்சிருக்கிய?"

"படம்னா போடணும்லா?"

அவர் குரலில் கேலி இல்லை. பரீட்சைக்கு வந்த பையன் மாதிரி கேட்டார்.

பொன்ராணி ஒரு துண்டை நனைத்துக்கொண்டு வந்தாள். நெற்றியைத் துடைத்தாள், மூக்கைத் துடைத்தாள். வீங்கியிருந்த இடது தாடைக்கு வந்தபோது துண்டை விட்டுவிட்டு விரலால் துடைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. பொன்ராணி அவரை உட்காரவைத்துப் பார்த்தாள்.

"இங்க வேண்டாம்."

நாற்காலி முன்வாசலுக்குப் போனது.

"இங்கயும் வேண்டாம். எல்லாம் ஒண்ணாத் தெரியுது."

வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் ஸ்கூட்டர் நிறுத்தும் சந்து ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார். சாய்ந்த வெயில் அந்தச் சுவரில் பட்டுச் சந்துக்குள் திரும்பியது. பொன்ராணி ஸ்கூட்டரைத் தள்ளிவிட்டு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டாள். அவர் உட்கார்ந்தார். அவள் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பினாள். பிறகு இன்னும் கொஞ்சம்.

நான் தெர்மாகோலைப் பிடித்தேன்.

"எடுத்துருங்கக்கா. வெளுக்குது" என்றாள் பொன்ராணி.

எடுத்துவிட்டேன்.

"சிரிக்கவா?" என்றார் செல்லையா சார்.

"வேண்டாம்."

"மொறைக்கவா?"

"சும்மா இரிங்க."

"அதான் கஷ்டம்."

சுவரில் நிழல் ஏறிக்கொண்டிருந்தது. வெயில் இருந்த இடம் ஒரு கை அகலம் குறைந்தது.

அந்த முகத்தை நான் வருஷக்கணக்காகத் தெருவில் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் பார்த்து மிச்சக் காசு வாங்கியிருக்கிறேன். கறுத்த மனிதர் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அன்று அந்தச் சந்தில் அவர் நெற்றியில் வெளிச்சம் எண்ணெய்போல் நின்றது. அங்கிருந்து கன்னத்துக்கு வழிந்து, கண்ணுக்குக் கீழே அடர்ந்து, மூக்கின் ஓரத்தில் நீலமாகி, தாடையில் தோல் இழுபட்ட இடத்தில் மறுபடி மினுங்கியது. ஒரு கறுப்பு முடிந்து இன்னொரு கறுப்பு தொடங்குகிற இடத்தைக் கண்ணால் பிடிக்க முடியவில்லை. ஒரு ராகத்தைக் கேட்பதுபோல் நின்றேன்.

செல்லையா சாருக்கு வலித்திருக்க வேண்டும். நாக்கால் உள்ளே தாடையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். கேலி எல்லாம் தீர்ந்துபோன பார்வை.

பொன்ராணி அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பின்பக்கமாகக் கையை மட்டும் நீட்டினாள்.

"குடுங்க டீச்சர்."

"எது?" என்று கேட்டாள் சபீனா.

"வெளிச்சம் போகுது டீச்சர். குடுங்க!"

சபீனா கொடுத்தாள்.

கேமராவுக்குக் கறுப்பு தெரியாது, எதைக் கொடுத்தாலும் சாம்பலாக்கப் பார்க்கும், நீங்கள்தான் குறைக்க வேண்டும் என்று வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறாள். பொன்ராணி கட்டைவிரலால் வெளிச்ச அளவைக் குறைத்தாள். இன்னும் கொஞ்சம் குறைத்தாள். மூச்சைப் பிடித்தாள்.

ஒரு படம்.

"முடிஞ்சுதா?" என்றார் அவர்.

"முடிஞ்சுது."

சபீனாவின் வலது தோளில் தொங்கியது டிஜிட்டல். அவளுக்கு வலது கைதான் முதலில் வரும். இடக்கைக்காரியாக இருந்திருந்தால் ஃபிலிமில் எடுத்திருப்பார்கள்.

பொன்ராணி கேமராவின் பின்னால் இருந்த திரையைப் பார்க்கவில்லை. அதை ஸ்கூட்டர் சீட்டில் வைத்துவிட்டு, அவரைக் கைபிடித்து எழுப்பினாள். வண்டி வந்துவிட்டது.

சபீனா அச்சிட்டு அனுப்பிய படம் அடுத்த வாரம் மதுரைக்குப் போய்ச் சேர்ந்தது. பேச முடியாத செல்லையா சார் அதை வெகுநேரம் வைத்துப் பார்த்தாராம். பிறகு பக்கத்துப் படுக்கைக்காரரைத் தட்டி எழுப்பி, படத்தைக் காட்டி, தன் நெஞ்சில் தட்டிக்கொண்டாராம்.

அதன் பிறகு ஏழு வருஷம் இருந்தார். வேறு படத்துக்கு உட்காரவில்லை.