பின்னாலேயே வந்த கெண்டை

ஒரு கோயில் குளத்தில் வெள்ளச்சி, புள்ளியன் என்று இரண்டு கெண்டை மீன்கள் இருந்தன. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. படித்துறை ஓரத்தில் மற்றக் குஞ்சுகளோடு கூட்டமாகத் திரிந்து, கொக்கு வந்தால் எப்படி ஒளிவது, எந்தப் பாசியைத் தின்பது என்றெல்லாம் கற்றுக்கொண்டவை.

வாலில் கரும்புள்ளி விழுந்துவிட்டால் குஞ்சுப் பருவம் முடிந்தது என்று அர்த்தம். அன்றைக்கே கூட்டம் கலைந்துவிடும். புள்ளியனுக்குப் புள்ளி கொஞ்சம் பெரிசு. அதனால்தான் அந்தப் பேர்.

கூட்டம் கலைந்த அன்று வெள்ளச்சி சொன்னாள்: "நான் ஆத்துக்குப் போகப் போறேன்! வெயில் காலத்துல இந்தக் குளத்துத் தண்ணி கெட்டுப்போயிடும். வருஷா வருஷம் எத்தனை பேர் மூச்சு முட்டிச் சாகறாங்க! மழை வந்து குளம் நிரம்பினா மடைக் கல்லைத் தாவிடலாம். அதுக்குள்ள உடம்பைத் தேத்திக்கணும். பொரி தின்ன மாட்டேன். தினமும் மடைத் தண்ணியை எதிர்த்து நீந்துவேன். நீ என்ன செய்யப் போற?"

"நானா? நீ எங்க போறியோ அங்கதான் நானும்!" என்றான் புள்ளியன்.

வெள்ளச்சிக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. உனக்கென்று ஒரு ஆசை இல்லையா என்று அவள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பிரியமானவன் கூடவே வருகிறேன் என்று சொன்னால் யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்?

அந்தக் குளத்தின் வடக்குச் சுவரில் ஒரு மடை உண்டு. ஆற்றிலிருந்து வரும் வாய்க்கால் அங்கேதான் ஒரு கல்லின் மேல் வழிந்து குளத்தில் விழும். கல்லைத் தாவி ஏறினால் வாய்க்கால். வாய்க்காலோடு போனால் ஆறு.

மறுநாளே இருவரும் கல்லுக்குக் கீழே நீந்திப் பழக ஆரம்பித்தார்கள். தண்ணீர் முகத்தில் அறைந்தது. வெள்ளச்சி துடுப்பை அடித்து அடித்து முன்னேறினாள்.

"நீ முன்னாடி போ! நான் பின்னாடியே வர்றேன்!" என்றான் புள்ளியன்.

அவள் வாலை ஒட்டிக்கொண்டு அவன் நீந்தினான். வேகமெல்லாம் அவள் மேல்தான் மோதியது. அவனுக்கு வந்தது மிச்சம்தான். அது அவனுக்குத் தெரியவில்லை. "பாத்தியா, உனக்குச் சமமா நானும் நீந்தறேன்!" என்று துள்ளினான்.

சாயங்காலம் படித்துறையில் ஜனங்கள் பொரி போடுவார்கள். வெள்ளச்சி திரும்பியும் பார்க்காமல் பாசியும் புழுவும் தேடிப் போய்விடுவாள். புள்ளியனோ, "ஒரே ஒரு வாய்! நாளையிலேர்ந்து விட்டுடறேன்!" என்று மேலே ஓடுவான். அந்த நாளை வந்தபாடில்லை. வயிறு மட்டும் முட்டிக்கொண்டு வந்தது.

மடைச் சுவரின் பொந்தில் ஒரு நண்டு குடியிருந்தது. வாய்த்துடுக்கு ஜாஸ்தி அதற்கு. ஒருநாள் அது கேட்டுவிட்டது. "ஏண்டா புள்ளியா, ஒரு தடவை அவளுக்கு முன்னாடி நீந்திக் காட்டேன் பாப்போம்!"

புள்ளியன் முகம் சுருங்கிப்போயிற்று. வெள்ளச்சிக்குப் பொறுக்கவில்லை.

"உன் வேலையைப் பாத்துக்கிட்டுப் போ! அவன் நல்லாத்தான் நீந்தறான்!" என்றாள்.

"எனக்கென்ன வந்துச்சு!" என்று நண்டு பொந்துக்குள் போய்விட்டது.

மழைக்காலம் வந்தது. அடடா, அது என்ன மழை! வாய்க்கால் கரைபுரண்டு வந்து குளம் தளும்பியது. மடைக் கல் எட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது.

"வா, வா! இதை விட்டா அடுத்த மழைக்குத்தான்!" என்று கத்தினாள் வெள்ளச்சி.

"நீ முன்னாடி போ! நான் பின்னாடியே வர்றேன்!"

அவள் உடம்பை வளைத்து ஒரே தாவு தாவினாள். கல்லுக்கு மேலே வாய்க்கால் ஓரத்தில் போய் விழுந்தாள். சந்தோஷத்தோடு திரும்பிப் பார்த்தாள்.

புள்ளியன் தாவினான். வெள்ளம் அவன் முகத்தில் ஓங்கி அறைந்து கீழே தள்ளியது. மறுபடி தாவினான். மறுபடியும் தள்ளியது. கல்லை ஒவ்வொருவரும் தனியாகத்தான் தாவ வேண்டும். ஒட்டிக்கொள்ள அங்கே யார் வால் இருக்கிறது?

"இவ்வளவு வேகமா அடிக்குதே! முன்னெல்லாம் இப்படி இல்லையே!" என்று திணறினான்.

வெள்ளச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. வேகம் முன்பும் இருந்தது. அதை அவள்தான் வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை! இன்னும் ஒரே தடவை!" என்று அழுதாள். அவனும் தாவித் தாவிச் செதில் உரிந்துபோனான். அதற்குள் வெள்ளம் வடிய ஆரம்பித்தது. கல் எட்டாத உயரத்துக்குப் போயிற்று. வாய்க்காலிலும் தண்ணீர் இறங்கிக்கொண்டே வந்தது.

"நீ போ. நின்னா உனக்கும் தண்ணி இருக்காது. அடுத்த வருஷம் நான் பின்னாடியே வர்றேன்" என்றான் புள்ளியன். சிரிக்கத்தான் பார்த்தான். வரவில்லை.

அவள் போனாள். வேறென்ன செய்வாள்?

ஆறு பெரிதாக, குளிர்ச்சியாக, அவள் நினைத்தது போலவே இருந்தது. ஆனாலும் நீந்தும்போதெல்லாம் அவளுக்குப் பின்னால் வெறிச்சென்று இருந்தது.

அடுத்த வெள்ளம் வந்ததும் வெள்ளச்சி வாய்க்கால் வழியாக ஓடோடி வந்தாள். கல்லின் மேல் ஓரத்தில் நின்று, "புள்ளியா! டேய் புள்ளியா!" என்று கூப்பிட்டாள்.

நண்டு மட்டும் வெளியே வந்தது. வழக்கமான துடுக்கு இல்லை.

"கோடையில தண்ணி கெட்டுப்போச்சும்மா. நெறையப் பேர் போயிட்டாங்க. அவனும்தான்."

நண்டு கல்லின் மேல் ஏறி அவள் பக்கத்தில் வந்தது.

"நீ போன மறுநாளே பொரியை விட்டுட்டான். தெனமும் தனியா வந்து தாவினான். ஒருநாள் கல்லோட விளிம்பைத் தொட்டேவிட்டான், தெரியுமா! 'பாத்தியா, முன்னாடி யாருமே இல்ல!'ன்னு என்கிட்ட சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். இந்த வெள்ளத்துக்கு இருந்திருந்தா நிச்சயம் ஏறியிருப்பான்."

"நான் ஒரு நாளாவது 'நீ முன்னாடி போடா'ன்னு சொல்லியிருக்கலாமே!" என்று வெள்ளச்சி தேம்பினாள். குளத்தில் யாரோ போட்ட பொரி மிதந்துகொண்டிருந்தது.

பருவம் முடிந்து தனியே வாழப் போகிறவர்கள் தங்கள் குறிக்கோளைத் தாங்களே வகுத்து, உடம்பையும் மனத்தையும் அன்றன்றைக்கே தேற்றிக்கொள்ள வேண்டும். பிரியமானவர்களின் முதுகுக்குப் பின்னால் நீந்தியது ஒருநாளும் நம் பலம் ஆகாது.