சகாயமேரிக்குப் போகிற வண்டி

"தளபதி, நாம ஜெயிச்சிருவோமா?"

சவரிமுத்து கேட்டார். கேட்ட இடம் மதுரையில் ஒரு தண்ணீர் கேன் கடை.

"எதுல?" என்றார் கடைக்காரர் ரஹ்மத் நிஷா, கேன் மூடியை அமுக்கிக்கொண்டே.

எதுலயாம். சவரிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் குருவிடம் கோபப்பட முடியுமா? ஸ்டூலில் உட்கார்ந்தார்.

குரு என்றதும் தாடியையும் மரத்தடியையும் தேட வேண்டாம். ரஹ்மத்துக்கு முப்பது வயது தாண்டியிருந்தால் அதிகம். சீடருக்கு ஐம்பத்தைந்து. ஃபோனில் ஆடுகிற 'நாற்கோட்டை' என்ற விளையாட்டில் இருவரும் ஒரே கூட்டணி, அவர் தளபதி, இவர் படையாள். ஆளுக்கொரு கோட்டை, வயல், குதிரை, சண்டை. அவ்வளவுதான் விஷயம்.

வெளியே கணக்கு தலைகீழ். சவரிமுத்து டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். தண்ணீர் வண்டி ஓட்ட ரஹ்மத்துக்குக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அந்தப் பாடத்துக்கு நடுவில், தினம் தினம் எவனாவது வந்து எரித்துவிட்டுப் போகிற தன் கோட்டையைக் காட்டிப் புலம்பினார்.

"மதில் கிடக்கட்டும் அண்ணாச்சி. முதல்ல கிணத்த வெட்டுங்க" என்றார் ரஹ்மத்.

வெட்டினார். அதன்பிறகு கோட்டை எரியவில்லை. அன்றிலிருந்து குரு.

இப்போது வந்திருப்பது வேறு தீ. விளையாட்டை நடத்துகிற கம்பெனி அறிவித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையிலிருந்து பழைய வெர்ஷன் ஓடாது. இஷ்டம் இருக்கிறதோ இல்லையோ, எல்லாரும் புது வெர்ஷனுக்கு மாற வேண்டும்.

ஆடுகிறவர்கள் கொதித்துப்போனார்கள். கோட்டைகளில் கறுப்புக்கொடி ஏறியது. ஆளாளுக்குக் கோட்டையின் பெயரை 'மாற மாட்டோம்' என்று மாற்றினார்கள். ஒற்றை ஸ்டார் போட்டு வாய்க்கு வந்தபடி திட்டினார்கள். "உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று கம்பெனி ஒவ்வொருவருக்கும் ஒரே பதிலை அனுப்பியது.

இத்தனைக்கும் முன்னால் நின்றவர் சவரிமுத்து. கார் பழக வந்த அம்மா வண்டியை டிவைடரில் ஏற்றியபோதுகூட அவர் ஃபோனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க தளபதி. மொத்தக் கூட்டமும் நம்ம பின்னால நிக்கும்."

"சொல்லலாம். என்ன கேக்குறோம்?"

"புது வெர்ஷன்ல ஃபோன் கொதிக்குது."

"எனக்குக் கொதிக்கல."

"பழைய படையெல்லாம் போயிரும்."

"மறுபடி சேத்துக்கலாம்."

"எழுத்து பொடிப்பொடியா இருக்கு. கண்ணு தெரியல."

"கண்ணாடி மாத்துங்க."

சவரிமுத்து எழுந்து நின்றார். "அப்ப உங்களுக்குக் கவலையே இல்லையா?"

"உங்களுக்கு இருக்கே. இதுக்கெல்லாம் ஒரு மனுசன் இப்படி இளைச்சுப் போவானா?" என்றார் ரஹ்மத். "நீங்க கேக்க வந்தது இதுல எது அண்ணாச்சி?"

சவரிமுத்து வெயிலில் இறங்கி நடந்துவிட்டார்.

அவர் சொல்லாததை நான் சொல்லிவிடுகிறேன். இதை வைத்துக்கொண்டு உங்களிடம் புதிர் போட எனக்கு இஷ்டமில்லை.

சவரிமுத்துவுக்கு ஒரு தம்பி. பெயர் இன்னாசி. தூத்துக்குடியில் இருக்கிறான். அம்மா சவரிமுத்து வீட்டில் இறந்தபோது மதுரையிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஊருக்குக் கொண்டுவந்து அப்பா பக்கத்தில் வைத்திருக்க வேண்டும் என்று இன்னாசி சண்டை பிடித்தான். வார்த்தை தடித்தது. கல்லறைத் தோட்டத்து வாசலில், வந்த சனமெல்லாம் பார்க்க, இனி முகத்தில் முழிப்பதில்லை என்று இருவரும் சொல்லிக்கொண்டார்கள். முதலில் சொன்னது யார் என்று கேட்டால் அவன்தான் என்பார் சவரிமுத்து.

அதோடு பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடின.

பிறகு ஒருநாள் நாற்கோட்டையில் ஒரு மூலையில் ஒரு கோட்டையைப் பார்த்தார். அதன் பெயர் சகாயமேரி. அது அவர்கள் அப்பா கடலுக்குக் கொண்டுபோன வள்ளத்தின் பெயர். உலகத்தில் வேறு யாருக்கு அந்தப் பெயரை வைக்கத் தோன்றும்?

சவரிமுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை எழுதவில்லை. சவரிமுத்து என்ற தன் பெயரிலேயே ஒரு வண்டி நெல் அனுப்பினார்.

சற்று நேரத்தில் சகாயமேரியிலிருந்து ஒரு வண்டி மரம் வந்தது. அதிலும் வார்த்தை இல்லை.

அன்று முதல் தினமும் காலையில், டீ குடித்ததும் இங்கிருந்து நெல் போகும், அங்கிருந்து மரம் வரும். காய்ச்சலில் கிடந்தபோதும் போனது. பெரிய வெள்ளிக்கும் போனது. வண்டி வந்தால் ஆள் உயிரோடு இருக்கிறான், கோபம் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படித்தான் சவரிமுத்து எடுத்துக்கொண்டார்.

புது வெர்ஷனில் சாலை கிடையாது. வண்டியும் கிடையாது. அவரவர் களஞ்சியம் தானாக நிரம்பிக்கொள்ளும். சோதனைக்குத் திறந்து பார்த்தவர் பயந்துபோனார். தன் கோட்டை மட்டும் நடுவில் நின்றது. சுற்றிலும் ஒன்றுமில்லை.

புதன்கிழமை கம்பெனி இறங்கி வந்தது.

ஃபோன் கொதிக்காதபடி சரிசெய்கிறோம். பழைய படை அப்படியே இருக்கும். எழுத்தைப் பெரிதாக்குகிறோம். போதாததற்கு ஆளுக்கொரு தங்கக் குதிரை. ஆனால் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான்.

கறுப்புக்கொடிகள் மளமளவென்று இறங்கின. "சவரி அண்ணன் வாழ்க" என்று வாட்ஸ்அப் குரூப்பில் மாலை மாலையாக வந்து விழுந்தது. சவரி அண்ணன் ஃபோனைச் சட்டைப் பையில் போட்டார். நேராகத் தண்ணீர் கடைக்கு வந்தார்.

"கேட்டதெல்லாம் கிடைச்சிருச்சே. அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார் ரஹ்மத்.

அப்போதுதான் சொன்னார். வள்ளத்திலிருந்து ஆரம்பித்து, சாலை இல்லாத கோட்டைவரை.

ரஹ்மத் கேனைக் கீழே வைத்தார்.

"நீங்க கம்பெனிக்கு எழுதின கோரிக்கையில வண்டியப் பத்தி ஒரு வரிகூட இல்லையே."

"எப்படி எழுதுறது? வெக்கமா இருந்துச்சு. நாலு பேர் சிரிப்பான்."

"சரி. தம்பிக்கு ஒரு வரி எழுத வேண்டியதுதானே. விளையாட்டுலயே எழுதலாமே."

"அவன் எழுதட்டும்."

"ஏன்?"

"முதல் வண்டி அனுப்பினது நான். இப்ப அவன் முறை."

"நம்பர் இருக்கா?"

"இருக்கு. அவன் மாத்தாம இருந்தா."

"அதுலயும் அவன் முறைதானா?"

சவரிமுத்து தரையைப் பார்த்தார். "தளபதி, வெள்ளிக்கிழமை வண்டி வராது. அவன் புது வெர்ஷன் அது இதுன்னு எதையும் படிக்கிறவன் இல்ல. அண்ணன் முடிச்சுக்கிட்டான்னு நெனப்பான். இல்ல நான் செத்துட்டேன்னு நெனப்பான். எனக்கு ராத்திரியெல்லாம் இதே ஓட்டம்தான். ஏதாவது வழி சொல்லுங்க."

ரஹ்மத் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தார்.

"குடிச்சிட்டுப் போங்க. கடையில வேலை கிடக்கு."

குரு சொன்ன வழி அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை. டீயைக் கையில் வைத்துக்கொண்டு சவரிமுத்து ஃபோனைத் திறந்தார். மேலே ஒரு வரி ஓடியது.

தளபதி கூட்டணியை விட்டு விலகினார்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கடைசி நாளில் இது என்ன கூத்து? சரி, அதைப் பிறகு பார்க்கலாம், வண்டி முக்கியம். கடைசி வண்டி. நெல்லை வழக்கத்துக்கும் கூடுதலாக ஏற்றி அனுப்பினார்.

வண்டி பாலத்தைத் தாண்டியது. மலைப் பக்கமிருந்து குதிரைகள் வந்தன. வண்டியை மறித்தன. நெல்லை அள்ளிக்கொண்டு போயின.

பச்சைக்கொடி. ரஹ்மத்தின் கொடி.

கூட்டணியில் இருக்கிறவரை ஒருவர் வண்டியில் ஒருவர் கைவைக்க முடியாது. விலகினால் முடியும். கொள்ளை போனது அனுப்பியவருக்குத்தான் தெரியும். வாங்குகிறவருக்கு வெறும் சாலைதான் தெரியும்.

விரல் தவறிப் பட்டிருக்கும் என்று நினைத்து இன்னொரு வண்டி அனுப்பினார். அதுவும் போனது. களஞ்சியத்தைத் துடைத்து இன்னொன்றும் அனுப்பினார். பச்சைக்கொடி பாலத்தடியில் காத்துக்கொண்டே இருந்தது.

சகாயமேரியிலிருந்து மரம் வரவில்லை. நெல் வந்து சேர்ந்தால்தானே மரம் புறப்படும்.

சவரிமுத்து உட்கார்ந்தார், எழுந்தார், வாசலுக்குப் போனார், திரும்பி வந்து ஃபோனைப் பார்த்தார். டீ ஆறி ஆடை கட்டியது. வெள்ளிக்கிழமைக்குத்தானே பயந்தோம், வியாழக்கிழமையே வந்துவிட்டதே. ஒன்பது மணி சுமாருக்குப் பொறுக்க முடியாமல் தண்ணீர் கடைக்குப் போய் நின்றார். டிரைவிங் ஸ்கூலுக்கு இன்றைக்கு லீவு.

"நம்பி வந்து சொன்னேனே தளபதி. அதையா போய் பறிப்பீங்க?"

ரஹ்மத் வண்டியிலிருந்து கேன் இறக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை.

"நாளைக்குக் கம்பெனி நிறுத்தப்போறத நான் இன்னைக்கு நிறுத்தினேன்."

"இன்னும் ஒரு நாள் இருந்துச்சே எனக்கு."

"ஆமா. அந்த ஒரு நாளத்தான் எடுத்தேன்."

சவரிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. கோபத்திலா, பயத்திலா என்று அவருக்கே தெரியவில்லை.

"அவன் இப்ப என்ன நெனச்சுக்கிட்டு இருப்பான்?"

"என்ன நெனப்பான்?"

"அதான் நேத்தே சொன்னேனே. முடிச்சுக்கிட்டேன்னு. இல்ல செத்துட்டேன்னு."

"ரெண்டுல எது?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

ரஹ்மத் கடைசிக் கேனை இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தார். முந்தானையில் கையைத் துடைத்தார். அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சவரிமுத்து ஸ்டூலில் உட்கார்ந்தார். ஃபோனை எடுத்தார். பெயர்ப் பட்டியலில் தேட வேண்டியதில்லை. விரலுக்கே அந்த நம்பர் தெரியும். பாதி அழுத்தினார், அழித்தார். மறுபடி அழுத்தினார்.

எடுக்க மாட்டான் என்ற பயம். எடுத்துவிட்டால் என்ன பேசுவது என்ற பயம் அதைவிடப் பெரிது.

மணி அடித்தது. இரண்டாவது மணி முடிவதற்குள் எடுத்துவிட்டான்.

ஆள் குரல் இல்லை. ஏதோ இன்ஜின் இரைச்சல், காற்று, தூரத்தில் ஒரு விசில்.

"ஏலே இன்னாசி" என்றார் சவரிமுத்து.

அந்தப் பக்கம் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நீளமாக. அப்புறம்தான் குரல் வந்தது.

"அண்ணனா பேசுத?"

"நான்தான்."

"வண்டி வரலயே."

"அனுப்புனேன்ல. வழியில பறிச்சிட்டாவ."

"பாத்துப் பாத்துக் கண்ணு பூத்துப் போச்சு. ஒருநாளும் தவறினது இல்லயே." குரல் உடைந்து சேர்ந்தது. "ஃபோன் போடக் கை வரல. வேற யாரும் எடுத்துச் சொல்லிட்டா நான் என்ன செய்ய?"

சவரிமுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"எங்கன இருக்க?"

"பஸ்ல. அருப்புக்கோட்ட தாண்டியாச்சு. நீ வீடு மாத்திட்டன்னு சொன்னாவ. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல எறங்கி எப்படி வரணும்?"

வழி சொல்லத்தான் வாயைத் திறந்தார். எந்தத் தெரு, எந்தத் திருப்பம், ஒன்றும் வரவில்லை.

ரஹ்மத் காலி செய்த தண்ணீர் வண்டியின் சாவியை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"எறங்கி அங்கனயே நில்லுல" என்றார் சவரிமுத்து.