காது கேளாத மான்குட்டியும் கத்திய மந்தியும்

முதலில் ஒரு விடுகதை.

"நான்கு பேர் சேர்ந்து ஒருத்தியைச் சுமப்பார்கள். நாக்கு இல்லாமல் பேசுவார்கள். காது இல்லாமல் கேட்பார்கள். யார் அவர்கள்?"

உடனே சொல்ல வேண்டாம். கதையைக் கேளுங்கள். பாதியில் விடை தெரிந்துவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிவிடாதீர்கள்!

ஒரு மலைக்காட்டில் புள்ளிமான் கூட்டம் ஒன்று இருந்தது. செம்பி என்ற பெண்மான் அதற்குத் தலைவி. அந்தக் கூட்டத்துக்கும் மரத்தில் வாழும் மந்திகளுக்கும் ஓர் ஒப்பந்தம். மந்திகள் உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். மான்கள் தரையிலிருந்து மோப்பம் பிடிக்க வேண்டும். யாருக்கு முதலில் ஆபத்து தெரிகிறதோ அவர் குரல் கொடுக்க வேண்டும்.

மந்திகளில் முழக்கன் என்று ஒன்று. அதற்குத் தன் குரலில் அப்படி ஒரு பெருமை!

"நான் இருமினால் போதும், அடுத்த மலையில் தூங்கும் புலி எழுந்து உட்காரும்!" என்று சொல்லிக்கொள்ளும்.

"அப்படியானால் கொஞ்சம் இருமாமல் இருங்கள் அண்ணே! அது அங்கேயே தூங்கட்டும்!" என்று மான்கள் சிரிக்கும்.

கோடை வந்து புல் காய்ந்ததும் மான்கூட்டம் ஆற்றைக் கடந்து அக்கரைப் புல்வெளிக்குப் போகும். கிளம்பும் முன் புதிய குட்டிகளுக்கெல்லாம் ஒரு சோதனை உண்டு. குட்டி ஒரு புதரைப் பார்த்து நிற்க வேண்டும். செம்பி பின்னாலிருந்து ஒருமுறை கூப்பிடும். திரும்பிப் பார்த்த குட்டி கூட்டத்தில் சேரும். திரும்பாத குட்டி சேராது. அது தாயோடு இக்கரையிலேயே தங்கிவிட வேண்டும். இக்கரையில் புல் இல்லை. சிறுத்தை மட்டும் உண்டு.

அந்தக் கோடையில் குட்டிகள் ஒவ்வொன்றாக வந்தன. செம்பி கூப்பிட்டதும் டக்கென்று திரும்பின. சுண்டு என்ற துடுக்குக் குட்டி, கூப்பிடும் முன்பே திரும்பித் திட்டு வாங்கியது.

கடைசியாகச் சந்தனி என்ற மானின் குட்டி வந்தது. அதன் பெயர் பொட்டு.

செம்பி கூப்பிட்டது. பொட்டு புதரையே பார்த்துக்கொண்டு நின்றது.

செம்பி இன்னும் உரக்கக் கூப்பிட்டது. பொட்டு ஓர் இலையை எட்டிக் கடித்து மென்றது.

"என்ன தங்கச்சி, உன் குட்டிக்குக் காது இரண்டும் அழகுக்குத்தானா?" என்று மரத்திலிருந்து முழக்கன் கேட்டது.

சந்தனிக்குக் கோபம் வந்தது. "ஆமாம், பொட்டுவுக்குக் காது கேட்காது. அதனால் என்ன? நான் சொல்வதெல்லாம் அதற்குப் புரிகிறது!"

"காது கேட்காமல் எப்படிப் புரியும்?" என்றது செம்பி.

"பாருங்கள் அக்கா!"

சந்தனி குளம்பால் தரையில் ஓங்கித் தட்டியது. அந்த அதிர்வு பொட்டுவின் காலில் ஏறியது. உடனே அது திரும்பித் தாயைப் பார்த்தது. சந்தனி வாலைத் தூக்கி வெள்ளை அடிப்பக்கத்தைக் காட்டியது. பொட்டு நாலு கால் பாய்ச்சலில் ஓடி வந்தது. சந்தனி அதன் கழுத்தில் மூக்கை வைத்து அழுத்தியது. பொட்டு அசையாமல் நின்றது. பிறகு சந்தனி அதன் நெற்றியை நக்கிக் கொடுத்தது.

"தட்டினால், 'என்னைப் பார்.' வால் தூக்கினால், 'ஓடு.' கழுத்தில் அழுத்தினால், 'இங்கேயே இரு.' நக்கினால், 'சமர்த்து.' நான் தூரமாகப் போனால் முகத்தை இலையில் தேய்த்துவிட்டுப் போவேன். அந்த வாசனையை மோந்துகொண்டே அது என்னிடம் வந்துவிடும்."

முழக்கன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "வாய் இருக்க வாலாலா பேசுவது!"

செம்பி சிரிக்கவில்லை. "சந்தனி, ஆபத்து கண் இமைக்கும் நேரத்தில் வரும். அப்போது ஒவ்வொருவரும் இதன் எதிரே ஓடிவந்து வால் காட்டிக்கொண்டு நிற்க முடியுமா? ஒரு குட்டிக்காகக் கூட்டம் தயங்கினால் கூட்டமே போய்விடும்."

"அப்படியானால் எங்களைச் சிறுத்தைக்கு விட்டுவிட்டுப் போகிறீர்களா அக்கா?"

செம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டது. "ஆற்றுத்துறை வரைக்கும் கூட வா. ஆற்றைக் கடக்கும்போது வழி பிரியும்" என்றது.

கூட்டம் கிளம்பியது. சந்தனி தலையைக் குனிந்துகொண்டு நடந்தது. பொட்டுவுக்கு எதுவும் தெரியாது. அது குட்டிகளோடு துள்ளிக்கொண்டு போனது.

வழியில் சுண்டு அதன் எதிரே வந்து குளம்பால் தட்டியது. பொட்டு பார்த்தது. சுண்டு வாலைத் தூக்கியது. பொட்டு ஓடியது.

"ஏய், வேலை செய்கிறது!" என்று சுண்டு கத்தியது. "எல்லாரும் வாங்க!"

அவ்வளவுதான். குட்டிகளுக்குப் புது விளையாட்டு கிடைத்துவிட்டது. ஒன்று தட்டும், மற்றவை திரும்பிப் பார்க்கும். ஒன்று வால் தூக்கும். மற்றவை சிதறி ஓடும். ஒன்று ஒரு பக்கம் உற்றுப் பார்த்தால், எல்லாமே அந்தப் பக்கம் முகத்தைத் திருப்ப வேண்டும். இந்தக் கடைசி விதியைச் சொல்லிக்கொடுத்தது பொட்டுதான். காது கேட்காததால் அது எப்போதும் மற்றவர் முகத்தையே பார்க்கும். யார் எங்கே பார்க்கிறார்கள் என்பதை உடனே கண்டுகொள்ளும்.

"என்னடா குதிகால் கூத்து? ஒழுங்காக நடங்கள்!" என்று செம்பி அதட்டியது.

"பேசிக்கொண்டுதான் வருகிறோம் பெரியம்மா!" என்றது சுண்டு.

"சத்தமே இல்லையே!"

"அதுதானே விளையாட்டு!"

கூட்டம் ஆற்றுத்துறைக்கு வந்து சேர்ந்தது. அங்கே ஓர் அருவி. அருவியின் காலடியில் அகலமான ஒரே பாறை. அந்தப் பாறைமேல் நடந்துதான் ஆற்றைக் கடக்க வேண்டும். முந்தின நாள் மலையுச்சியில் கோடைமழை கொட்டியிருந்தது. அருவி வெள்ளமாய் விழுந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

மான்கள் பாறையில் நின்று தலை குனிந்து தண்ணீர் குடித்தன. சந்தனியும் பொட்டுவும் விடைபெற வேண்டிய இடம் அதுதான்.

முழக்கன் கரையோர மருத மரத்தின் உச்சிக்கு ஏறியது. நாலா பக்கமும் பார்த்தது. அப்படியே உறைந்துபோனது.

கரையில் காய்ந்து நின்ற புல்லுக்குள் சிறுத்தை! வயிறு தரையில் தேய மெல்ல மெல்ல நகர்ந்து வந்துகொண்டிருந்தது. காற்று மான்களிடமிருந்து சிறுத்தையின் பக்கம் வீசியது. அதனால் மான்களின் மூக்குக்கு எதுவும் எட்டவில்லை.

"சிறுத்தை! சிறுத்தை!" என்று முழக்கன் கத்தியது.

ஒரு மான்கூடத் தலை தூக்கவில்லை.

"அடேய், சிறுத்தைடா! காது கேட்கவில்லையா உங்களுக்கு!"

கேட்கத்தான் இல்லை. அருவி அதன் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. முழக்கன் தொண்டை கிழியக் கத்தியது. கிளையைப் பிடித்து உலுக்கியது. உதிர்ந்த இலைகளை ஆறு அடித்துக்கொண்டு போனது.

சிறுத்தை பின்னங்கால்களை மடக்கியது. ஒரே தாவல்தான் பாக்கி.

அப்போது ஒரே ஒரு தலை மட்டும் நிமிர்ந்து இருந்தது. பொட்டுவின் தலை! அது தண்ணீர் குடிக்கும்போது ஒரு வாய்க்கு ஒருமுறை நிமிர்ந்து சுற்றிலும் பார்க்கும். அதற்கு இரைச்சலும் ஒன்றுதான், அமைதியும் ஒன்றுதான்.

பொட்டு மரத்தைப் பார்த்தது. முழக்கனின் வாய் பிளந்திருந்தது. வால் விறைத்திருந்தது. அதன் கண்கள் எங்கே பார்க்கின்றன? கீழே, புல்லில்!

பொட்டுவும் அங்கே பார்த்தது. மஞ்சள் தோல். கருப்புப் புள்ளிகள்.

டக்! டக்! டக்!

பொட்டு முன்னங்காலால் பாறையில் ஓங்கி ஓங்கித் தட்டியது. அருவி விழும் அதிர்வு பாறையில் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே இந்தத் தட்டு தனியாகத் தெரிந்தது. குட்டிகளின் குளம்புகள் அதைக் கேட்டன. ஆமாம், குளம்புகள்தான் கேட்டன! விடுகதைக்கு விடை கிடைத்துவிட்டதா?

சுண்டு நிமிர்ந்தது. பொட்டுவின் முகம் திரும்பியிருந்த பக்கம் பார்த்தது. உடனே தானும் தட்டியது. அதன் பக்கத்துக் குட்டியும் தட்டியது. குட்டிகள் தட்டியதைத் தாய்மான்கள் காலில் உணர்ந்தன. அவையும் திரும்பின. வெள்ளை வால்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே எழுந்தன. யாருமே வாய் திறக்கவில்லை. ஆனால் கூட்டம் முழுவதற்கும் சேதி போய்விட்டது.

செம்பியும் சிறுத்தையைக் கண்டது. ஓடாமல் அதன் பக்கம் திரும்பி நின்றது. எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பிறகு என்ன பயம்! எல்லா மான்களும் சிறுத்தையை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு பாறையில் தட்டின. டக்! டக்! டக்! கொம்புள்ள கடாமான்கள் முன்னால் வந்து கொம்பைத் தாழ்த்தி நின்றன. பாறையே மேளம்போல் அதிர்ந்தது.

ஒளிந்திருக்கும்வரைதான் சிறுத்தைக்குப் பலம். இத்தனை கண்கள் தன்னையே பார்ப்பதைக் கண்டதும் அதற்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

"ஒரு சத்தம்கூடப் போடவில்லையே! இதுகள் எப்படிப் பேசிக்கொண்டன?" என்று முனகிக்கொண்டே கரையோரமாகப் பின்னால் நகர்ந்தது. ஈரப் பாசியில் கால் வழுக்கியது. தொப்பென்று ஆற்றில் விழுந்தது! தட்டுத் தடுமாறிக் கரையேறி, நனைந்த பூனைக்குட்டிபோல் உடம்பை உதறிக்கொண்டு காட்டுக்குள் ஓடியது.

கூட்டம் துள்ளியது! குட்டிகள் பாறையெங்கும் குதித்தன. கூட்டம் ஆற்றைக் கடந்து, இரைச்சல் அடங்கிய இடத்துக்கு வந்ததும், முழக்கன் மரத்துக்கு மரம் தாவி ஓடி வந்தது.

"நான் கத்தினேன்! உயிர் போகக் கத்தினேன்!" அதன் குரல் கரகரவென்று கம்மிப் போயிருந்தது.

"எங்களுக்குக் கேட்கவே இல்லையே அண்ணே" என்றது செம்பி.

"பிறகு எப்படித் தெரிந்தது?"

"பொட்டு உங்கள் முகத்தைப் பார்த்தது!" என்றது சுண்டு.

முழக்கன் தன் முகத்தைத் தடவிப் பார்த்தது. "முகமா? இத்தனை நாளாக என் குரல்தான் அழகு என்று நினைத்திருந்தேனே!"

மான்கள் விழுந்து விழுந்து சிரித்தன. மந்தியும் சேர்ந்து சிரித்தது.

செம்பி பொட்டுவின் பின்னால் போய் நின்றது. "மகளே, உன்னை விட்டுவிட்டுப் போகப் பார்த்தேன். தப்பு என்னுடையது" என்று ஆரம்பித்தது.

"பெரியம்மா, முன்னால் வாங்க!" என்று சுண்டு கூவியது. "முதுகோடு பேசினால் அதற்கு எப்படித் தெரியும்?"

செம்பிக்கு வெட்கமாகப் போய்விட்டது. சுற்றிக்கொண்டு பொட்டுவின் எதிரே வந்தது. குளம்பால் மெல்லத் தட்டியது. பொட்டு பார்த்தது. செம்பி குனிந்து அதன் நெற்றியை நக்கியது. பொட்டு வாலை ஆட்டியது. சந்தனியின் கண்கள் கலங்கின.

அன்றோடு பழைய சோதனை ஒழிந்தது. இனிமேல் செம்பி கூப்பிடவும் செய்யும், தட்டவும் செய்யும், வாலைக் காட்டும், இலையில் வாசனை வைக்கும். இவற்றில் எதற்குத் திரும்பினாலும் அந்தக் குட்டி கூட்டத்துக் குட்டிதான். பெரிய மான்கள் எல்லாம் குட்டிகளிடம் போய் அந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டன.

கண்ணும் காதும் மூக்கும் தோலும் சேதி வந்து சேரும் வாசல்கள். ஒரு வாசல் அடைத்திருந்தால் இன்னொரு வாசலைத் தட்டுவதே நல்ல பேச்சு.

புல்வெளிக்கு நடக்கும்போது செம்பி பொட்டுவுக்கு இரண்டு இடங்களைக் காட்டியது. ஒன்று, எல்லாருக்கும் முன்னால், தலைவியின் பக்கத்தில். மற்றொன்று, கூட்டத்தின் நடுவில், தாயின் பக்கத்தில். பொட்டு இரண்டையும் பார்த்தது. பிறகு வலது ஓரமாகப் போய், மரத்தில் முழக்கனின் முகம் தெரியும் பக்கத்தில் நடந்தது.