மதினி யாருக்குச் சொந்தம்?

தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மெஸ் நடத்துகிற செண்பகவடிவு, ‘அக்கா மெஸ்’ என்று பலகை வைத்தாள். அந்தப் பெயரை ஏற்கெனவே எவரோ பதிவு செய்திருந்தார். சரியென்று, அண்ணியை அந்த ஊரில் கூப்பிடுகிறபடி ‘மதினி மெஸ்’ ஆக்கினாள். பெயிண்ட் காய்வதற்குள் பெரிய ஓட்டல் முதலாளி குத்தாலிங்கம் வக்கீலோடு வந்து நின்றார்.

“மதினிங்கிற பேரை நான் பதிவு பண்ணிட்டேன், இப்ப அது எனக்குச் சொந்தம். இனி இங்க எவனும் அப்படிக் கூப்பிடக் கூடாது!”

“பின்ன, மரியாதையில்லாம ஏட்டின்னா கூப்பிடச் சொல்லுதீய?”

“கூப்பிடுறவன் மேல கேஸ் போடுவேன்!”

செண்பகவடிவுக்குச் சீ என்றாகிவிட்டது.

“சாப்பிட்டுட்டுப் போடுங்க” என்று இருவருக்கும் இலை விரித்தாள். வக்கீல் இலையில் மட்டும் மிளகாய்த் துவையலை அள்ளி வைத்தாள்.

ஒரு வாய்தான். வக்கீல் கண் கலங்கக் கத்தினார்.

“மதினி, தண்ணி!”

செம்பை நீட்டிக்கொண்டே செண்பகவடிவு முதலாளியிடம் சொன்னாள்:

“அய்யா, மொத கேஸுக்கே வேற வக்கீல் பாக்கணும் போலயே!”