பதினோரு பேரும் ஒரு முறுக்கு ஜாடியும்

“ஏழு வருஷம் ஆச்சுங்க டீச்சர். பதினோரு பேருக்கு மேல ஏறவே மாட்டேங்குது. என்னதான் பண்றதுங்க?”

கேட்டவர் அமிர்தலிங்கம். வயது அறுபத்தொன்று.

கேட்கப்பட்டவர் ரெஜினா டீச்சர். வயது முப்பத்து நாலு. உடுமலைப்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடியில், எலக்ட்ரானிக் போர்டு ரிப்பேர் கடை. அவர் தும்மினால் செத்த போர்டெல்லாம் எழுந்து உட்காரும் என்று பல்லடம் வரைக்கும் பேச்சு. அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதிப் பாதிக்கே கோயில் கட்டலாம். அவரிடம் தொழில் படித்துப் போனவர்கள் மட்டும் நானூறு பேர். அதனால்தான் அமிர்தலிங்கம் ரெண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

“எதுங்க சார் ஏற மாட்டேங்குது?”

“சிட்டு.”

சிட்டு என்பது அவர் உண்டாக்கிய கணினி மொழி. பெரிய கம்ப்யூட்டருக்கு அல்ல. மோட்டாரையும் விளக்கையும் ஓட்டுகிற, சுண்டுவிரல் நகம் அளவு சிப் இருக்கிறதே, அதற்கு. முழுக்கத் தமிழில் எழுதலாம். ரொம்பச் சின்ன மொழி. எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடுமோ என்று மூன்று இடத்தில் நகல் எடுத்து வைத்திருந்தார்.

“அந்தப் பதினோரு பேருல நீங்க உண்டா?”

“நான் எப்படிங்க? நான் உண்டாக்குனவன். அவங்க பொழங்கறவங்க. அதுலயும் ஒருத்தன் என் மச்சினன். வாட்ஸ்அப் குரூப்புல குட்மார்னிங் போடறதோட சரி.”

“குரூப்புல யாராச்சும் சந்தேகம் கேட்டா?”

அமிர்தலிங்கத்தின் முகம் மலர்ந்தது.

“ரெண்டே நிமிஷம். அதுக்கு மேல ஒருத்தரையும் காக்க வெச்சதில்லைங்க.”

உண்மைதான். போன வருஷம் நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்தார்கள். மயக்க ஊசி போட வந்த டாக்டரிடம் ஒரு நிமிஷம் கெஞ்சி வாங்கி, சிப்பின் எந்தக் காலில் எந்த வயர் என்று வத்தலக்குண்டு ஆளுக்குப் பதில் போட்டுவிட்டுத்தான் கண்ணை மூடினார். விழித்ததும் முதலில் தேடியது போனை. இரண்டாவதாகத்தான் மனைவியை. அந்த அம்மாள் நாலு நாள் பேசவில்லை.

“அப்ப இருந்துதாங்க பயம்,” என்றார், நெஞ்சுத் தழும்பைச் சட்டையோடு தடவிக்கொண்டு. “நான் போயிட்டா இதுவும் போயிரும். ஒரு நூறு பேரு சேந்துட்டா நிம்மதியாக் கண்ணை மூடுவேன்.”

டீச்சர் கையை நீட்டினார்.

“போனைக் குடுங்க.”

மேஜையில் ஒரு கண்ணாடி ஜாடி. உள்ளே நாலு முறுக்கு. மூன்றைத் தட்டில் வைத்தார். ஒன்றைக் கடித்தார். போனை ஜாடிக்குள் திரை தெரிய நிறுத்தி, மூடியிலிருந்த ஓட்டை வழியாக சார்ஜர் வயரை விட்டு, இறுகத் திருகினார்.

“சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம். தொடக் கூடாது.”

“யாராச்சும் கேட்டா?”

“முறுக்கு எடுத்துக்குங்க.”

பத்து மணிக்குக் கேள்வி வந்தது. கூடலூரில் காளான் வளர்க்கும் தேன்மொழி.

‘சார், கரண்ட் போயிட்டு வந்ததுல இருந்து தண்ணி தெளிக்கிற மோட்டார் நிக்கவே மாட்டேங்குது. காத்துல ஈரம் சைபர்னு காட்டுது. வயரைப் புடுங்கிட்டுக் கையால தெளிச்சுட்டு இருக்கேன். முன்னூறு காளான் பை. சாயங்காலம் வரை தாங்காது. சார்?’

அமிர்தலிங்கம் நாற்காலியோடு எழுந்தார்.

“தெறங்க டீச்சர்! ஒரே வரிங்க. கரண்ட் வந்ததும் சென்சார் தூக்கக் கலக்கத்துல இருக்கும். முழிக்கறதுக்கு ரெண்டு செகண்ட் விட்டுட்டுக் கேக்கணும். அவ்வளவுதான்!”

“விடுங்க, முழிக்கட்டும்.”

“முன்னூறு பைங்க!”

டீச்சர் சால்டரிங் அயர்னைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

‘சார்?’ என்று மறுபடி வந்தது.

கால் மணி நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏழு வருஷப் பழக்கம். பிறகு மச்சினன் ஒரு ரோஜாப்பூ போட்டான். ‘இனிய காலை வணக்கம்.’

அமிர்தலிங்கம் முறுக்கைக் கடித்த கடியில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அப்புறம் வத்தலக்குண்டு குழந்தைவேலு வந்தார். கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருப்பவர். ‘மோட்டாரை ஆன் ஆஃப் பண்ற ரிலே ஒட்டிக்கிருச்சும்மா. ஸ்க்ரூடிரைவர் பின்பக்கத்தால ஓங்கி ஒரு தட்டுத் தட்டு.’

“ஐயோ தப்பு! தட்டாதம்மா!” அமிர்தலிங்கம் ஜாடியைப் பார்த்துக் கத்தினார்.

‘தட்டிட்டேங்கண்ணா. டப்பா மூடி ஒடஞ்சதுதான் மிச்சம்.’

வாணியம்பாடி ஃபெரோஸ் குதித்தார். மீன்தொட்டிக் கடைக்காரர். ‘குஞ்சு பொரிக்கிறவரே, வைத்தியத்தை உங்க கோழியோட வெச்சிக்குங்க.’

‘வாய்யா மீன்தொட்டி. நீ சொல்லேன் பாப்போம்.’

‘என் தொட்டியிலயும் சூடு சைபர்னு காட்டுச்சு. ஹீட்டர் நிக்காம ஓடுச்சு. நாப்பது மீனு போச்சு.’

குழந்தைவேலுவின் கேலி அதோடு நின்றது.

‘எப்பய்யா? சொல்லவே இல்லையே?’

‘போன மழைக்கு. வெக்கமா இருந்துச்சு. சாருகிட்ட மட்டும் தனியா கேட்டேன். ஒரு வரி குடுத்தாரு. அது ஒருக்கா ஏமாத்திடுச்சு. மறுபடி அவரைத் தொந்தரவு பண்ண வேணாம்னு நானே வேற மாதிரி எழுதிக்கிட்டேன்.’

அமிர்தலிங்கம் உட்கார்ந்தார்.

‘தேன்மொழி அக்கா, உங்க ஊர்ல காத்துல ஈரம் சைபரா இருக்குமா?’

‘துணி காயறதுக்கே நாலு நாள் ஆவுது தம்பி.’

‘அப்ப அது பொய்யி. சைபர்னு வந்தா நம்பாத, சென்சாரை எழுப்பி மறுபடி கேளு, நெசம் வர்ற வரைக்கும் மோட்டாரைத் தொடாத. இப்படி எழுதுங்க.’

ஒரு வரியில் முடிகிற காரியத்துக்கு ஆறு வரி. நாலாவது வரியில் இருந்த பிசகை வத்தலக்குண்டுதான் கண்டுபிடித்தது. ‘கோழிக்காரருக்குக் கண்ணு இருக்கு,’ என்று வாணியம்பாடி ஒத்துக்கொண்டது.

ஒன்றரை மணிக்கு ஒரு வீடியோ வந்தது. கொட்டகை. வெள்ளை வெள்ளையாகத் தொங்கும் பைகள். மோட்டார் ஓடிற்று. நின்றது. பின்னாலிருந்து தேன்மொழியின் சிரிப்பு.

அதற்கப்புறம்தான் அதிசயம். ரோஜாப்பூ மச்சினன் பேசினான்.

‘கேக்கவே கூச்சமா இருக்குதுங்க. சிட்டுல ஒரு லைட்டை எரிய வெக்கறது எப்படி?’

அஞ்சு பேர் விழுந்தடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள்.

‘ஏழு வருஷமா ஏம்ப்பா கேக்கல?’ என்றார் குழந்தைவேலு.

‘மாமாகிட்ட ஒருக்கா கேட்டேனுங்க. ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துருச்சு. புரியலை. அத்தனை வேகமாச் சொன்னவருகிட்ட மறுபடி எப்படிங்க கேக்கறது?’

நாலு மணி வாக்கில் தேன்மொழி எழுதினார். ‘சாரைக் காலையில இருந்து காணமே. ஒடம்பு கிடம்பு சரியில்லையா?’

‘பாவம், ரெஸ்ட் எடுக்கட்டும் தாயி. நாம பாத்துக்கிருவோம்,’ என்றார் குழந்தைவேலு.

அமிர்தலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். போட்டார். அந்த வரியை இன்னொரு தரம் படித்தார். மறுபடி கழற்றினார்.

டீச்சர் மூடியைத் திருகி, எண்ணெய் அப்பிய போனை எடுத்து அவர் கையில் வைத்தார்.

“எழுதுங்க. பதில் மட்டும் எழுதாதீங்க.”

அமிர்தலிங்கத்தின் கட்டைவிரல் வெகுநேரம் காற்றில் நின்றது. ஏழு வருஷத்தில் பதிலைத் தவிர வேறெதுவும் எழுதி அறியாத விரல்.

பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார்.

‘ஃபெரோஸ், உங்க ஆறு வரி எனக்குச் சரியாப் புரியலை. நெசம் வரவே இல்லைன்னா மோட்டார் என்ன பண்ணும்? யாராச்சும் சொல்லிக் குடுக்கறீங்களா?’

கீழே வைப்பதற்குள் போன் கத்தத் தொடங்கிவிட்டது. வாணியம்பாடி, வத்தலக்குண்டு, கூடலூர். இதுவரை குரலே கேட்டிராத மூன்று பேர். ஒருவர் சொல்வதை ஒருவர் மறுத்துக்கொண்டு.

டீச்சர் கடைசி முறுக்கை உடைத்துப் பாதியை நீட்டினார்.

“இப்ப எத்தனை பேருங்க சார்?”

புதிதாக ஒருவரும் சேர்ந்திருக்கவில்லை. இருந்தாலும் அமிர்தலிங்கம் விரல் விட்டு எண்ணினார். கடைசி விரல் தன் நெஞ்சுத் தழும்பில் வந்து நின்றது.

“பன்னெண்டுங்க டீச்சர்.”